மொன்டானா கரியும் நெய்வேலி கரியும்: மாநில உரிமைன்னா என்ன?

(முத்தாண்டிக்குப்பத்தில் நடந்த இளைஞர் அரசியல் வகுப்பில், நமது தகவல் தொழில்நுட்ப அணித் தன்னார்வலர் பேசியதன் எழுத்து வடிவம். முழுசா படிங்க, உங்க ஊர் குரூப்பிலும் பகிருங்க.)

 

2024 நவம்பரில் அமெரிக்காவுல அதிபர் தேர்தல் நடந்துச்சு. கமலா ஹாரிஸோட தாத்தா ஊர் நம்ம திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம். அங்கே பேனர் வச்சாங்க, கோயிலில் பூஜை பண்ணாங்க. நம்ம வாட்ஸ்அப் குரூப்பிலும் ராத்திரியெல்லாம் விவாதம். "270 வந்தா போதும்", "பென்சில்வேனியா யாருக்கோ அவங்கதான்" அப்படின்னு எல்லாரும் அடிச்சு விட்டோம். நல்லதுதான், உலகம் தெரியணும். ஆனா அதே குரூப்பில் நான் ஒரு நாள் "ஏழாவது அட்டவணைன்னா என்ன?"ன்னு கேட்டேன். ஒரு தம்பி மட்டும் "கெமிஸ்ட்ரியா அண்ணே?"ன்னு பதில் போட்டாரு.

தம்பி மேல தப்பு இல்ல. நானும் இன்ஜினியரிங் படிச்சவன்தான், சட்டம் படிக்கல. கட்சி வேலைக்கு வந்த பிறகுதான் இதையெல்லாம் தேடிப் படிச்சேன். படிச்சப்போ ஒண்ணு புரிஞ்சுது. அந்த ஏழாவது அட்டவணைக்கும் நம்ம காலடியில் இருக்கிற பழுப்பு நிலக்கரிக்கும் நேரடித் தொடர்பு இருக்கு. அதைத்தான் இன்னிக்குப் பேசப் போறேன். அமெரிக்காவில் இருந்தே ஆரம்பிக்கிறேன், அதுதான் உங்களுக்கு நல்லாத் தெரியுமே!

அங்கேயும் மாநிலம் இருக்கு, இங்கேயும் இருக்கு. பேருதான் ஒண்ணு. மூணு வித்தியாசம் மட்டும் மனசுல வச்சுக்கங்க.

ஒண்ணு, அதிகாரம். அமெரிக்க அரசியல் சட்டத்தில் 1791ல் வந்த பத்தாவது திருத்தம் என்ன சொல்லுது? ஒன்றிய அரசுக்குன்னு கொடுக்காத, மாநிலத்துக்குத் தடையும் போடாத அதிகாரம் எல்லாம் மாநிலங்களுக்கு அல்லது மக்களுக்கு. நம்ம சட்டத்தில் பிரிவு 248, எந்தப் பட்டியலிலும் வராத அதிகாரம் ஒன்றியத்துக்குன்னு சொல்லுது. அங்கே மிச்சம் மாநிலத்துக்கு, இங்கே மிச்சம் டெல்லிக்கு.

ரெண்டு, கவர்னர். அமெரிக்காவில் கவர்னரை அந்த மாநில மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறாங்க. இங்கே குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். நியமிக்கிறதுக்கு முன்னாடி நம்மகிட்ட யாரும் கேட்கிறதில்ல.

மூணு, மேலவை. அங்கே பெரிய மாநிலமான கலிபோர்னியாவுக்கும் செனட்டில் 2 இடம், சின்னஞ்சிறு வயோமிங்குக்கும் 2 இடம். இங்கே மாநிலங்களவையில் உத்தரப்பிரதேசத்துக்கு 31, நமக்கு 18.

இதைக் கேட்டுட்டு அமெரிக்கா சொர்க்கம்னு யாரும் முடிவு பண்ணிடாதீங்க. அங்கேயும் மாநிலம் சண்டை போட்டுத்தான் உரிமையைக் காப்பாத்திக்குது. அதுக்கு ஒரு கதை சொல்றேன். கரிக் கதை.

மொன்டானான்னு ஒரு மாநிலம், கனடா எல்லையோரம். மக்கள்தொகை குறைவு, நிலக்கரி நிறைய. வெட்டுற கரியில் பெரும்பகுதி வேற மாநிலத்து மின் நிலையங்களுக்குப் போகுது. குழி அவங்களுக்கு, வெளிச்சம் அடுத்தவங்களுக்கு. 1975ல் அந்த மாநிலச் சட்டமன்றம், கரி வெட்டினா 30 சதவீதம் வரைக்கும் வரின்னு ஒரு சட்டம் போட்டுச்சு. கரிக் கம்பெனிகளும் வெளிமாநில மின்சாரக் கம்பெனிகளும் சேர்ந்து வழக்குப் போட்டாங்க. "எங்க ஊர் மக்கள் தலையில் நீங்க எப்படி வரி கட்டலாம்?"ங்கிறதுதான் வாதம். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 1981ல் தீர்ப்பு. 6 நீதிபதிகள் மாநிலத்துக்கு ஆதரவு, 3 பேர் எதிர்ப்பு. மொன்டானா ஜெயிச்சுது. தீர்ப்பை எழுதினவர் தர்குட் மார்ஷல், அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. வரி எவ்வளவு இருக்கணும்கிறதைத் தீர்மானிக்க வேண்டியது சட்டமன்றம், நீதிமன்றம் இல்லைங்கிறதுதான் அதோட சாரம்.

அதைவிட முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. வழக்கு வர்றதுக்கு முன்னாடியே, 1976ல், மொன்டானா மக்கள் ஓட்டுப் போட்டுத் தங்கள் மாநில அரசியல் சட்டத்தையே திருத்திட்டாங்க. கரி வரியில் ஒரு பெரும் பங்கை நிரந்தர நிதியா ஒதுக்கி வைக்கணும், சும்மா எடுத்துச் செலவு பண்ணக் கூடாது. கரி ஒரு நாள் தீர்ந்து போகும், பிள்ளைங்க இருப்பாங்கன்னு யோசிச்சிருக்காங்க.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம்.

1930கள்ல ஜம்புலிங்க முதலியார் கிணறு தோண்டினப்போ கறுப்பா ஏதோ வந்துச்சுங்கிற கதை இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1956ல் நிறுவனம் வந்துச்சு. 1957ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வச்சார். கிராமம் கிராமமா நிலம் கொடுத்தாங்க. இன்னிக்கு நெய்வேலி மின்சாரம் தமிழ்நாட்டுக்கு மட்டுமில்ல. கர்நாடகா, கேரளா, ஆந்திரா, தெலங்கானா, புதுச்சேரின்னு போகுது. போகட்டும், எரியட்டும், நமக்குப் பெருமைதான். ஆனா மொன்டானா கேட்ட கேள்வியை நாமளும் கேட்கணுமா இல்லையா?

கேட்டோம். கேட்டுத் தோத்தோம்.

இங்கேதான் ஏழாவது அட்டவணை வருது. அதுல மூணு பட்டியல்: ஒன்றியம், மாநிலம், ரெண்டுக்கும் பொது. ஒன்றியப் பட்டியலில் 54வது இனம், சுரங்க ஒழுங்குமுறை. மாநிலப் பட்டியலில் 50வது இனம், கனிம உரிமை மேல வரி. ஆனா ஒரு வாலும் ஒட்டியிருக்கு: கனிம வளர்ச்சி சம்பந்தமா நாடாளுமன்றம் சட்டம் போட்டு விதிக்கிற வரம்புக்கு உட்பட்டு.

தமிழ்நாடு 1958ம் வருஷத்துப் பஞ்சாயத்துச் சட்டத்தின் கீழே, சுண்ணாம்புக்கல் ராயல்டி மேல ஒரு தீர்வை போட்டுச்சு. இந்தியா சிமெண்ட்ஸ் வழக்கு. 1989ல் உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் அமர்வு, ராயல்டியே ஒரு வரிதான், அதுக்கு மேல மாநிலம் வரி போட முடியாதுன்னு சொல்லிட்டாங்க. ராயல்டி எவ்வளவுன்னு முடிவு பண்றது டெல்லி. அவங்க கொடுக்கிறதை வாங்கிக்கிட்டு மாநிலம் சும்மா இருக்கணும். நமக்கு மட்டும் இல்ல. ஜார்க்கண்ட், ஒடிசான்னு எல்லாருக்கும் அதே கதிதான்.

35 வருஷம் ஓடிப் போச்சு. 2024 ஜூலை 25ம் தேதி, 9 நீதிபதிகள் அமர்வு, 8க்கு 1 கணக்கில் அதைத் திருப்பிப் போட்டுச்சு. ராயல்டி வரி கிடையாது, அது குத்தகைக்குக் கொடுக்கிற தொகை. கனிம உரிமை மேல வரி போடுற அதிகாரம் மாநிலத்துக்குத்தான். மாறுபட்ட ஒரே ஒருவர் நீதிபதி நாகரத்னா. மாநிலங்கள் போட்டி போட்டுக்கிட்டு வரி ஏத்தினா நாடு முழுக்க விலை தாறுமாறா ஆகும்னு அவர் கவலைப்பட்டார். அந்தக் கவலையையும் நாம ஒதுக்கித் தள்ளக் கூடாது.

அதுக்குப் பிறகு, 2024 டிசம்பரில் நம்ம சட்டமன்றம் கனிம வளம் உள்ள நிலங்களுக்கு வரி போடுற சட்டத்தை நிறைவேத்துச்சு. 2025 ஏப்ரல் 4 முதல் அமல். அந்தப் பட்டியலில் பழுப்பு நிலக்கரியும் இருக்கு.

"வரி போட்டா கரண்டு பில் ஏறாதா தம்பி?"ன்னு போன வகுப்புலயே ஒரு அக்கா கேட்டாங்க. நியாயமான கேள்வி. ஏற வாய்ப்பு இருக்கு. மொன்டானாவும் பின்னாடி, 1987ல், அந்த 30 சதவீதத்தைக் குறைச்சு 15க்குக் கொண்டுவர முடிவு பண்ணுச்சு. எவ்வளவு போடணும், எங்கே நிறுத்தணும்னு நாம தேர்ந்தெடுத்த சட்டமன்றம் முடிவு பண்ணட்டும். தப்பா முடிவு பண்ணா அடுத்த தேர்தலில் நாம கேட்கலாம். டெல்லியில் ஒரு அதிகாரி முடிவு பண்ணா யாரைப் போய்க் கேட்கிறது?

ஆனா உஷாரா இருக்கணும். அந்த வால் இன்னும் இருக்கு. நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டா இந்த அதிகாரத்துக்கு வரம்பு கட்ட முடியும். அதனாலதான் எம்.பி. தேர்தலில் "பிரதமர் யாரு?"ன்னு மட்டும் பார்க்காதீங்கன்னு நாம வீடு வீடா சொல்றோம். அப்படி ஒரு மசோதா வந்தா எழுந்து நின்னு பேச வேண்டியவங்க இங்கிருந்து போற 39 பேர்.

பேசினா நடக்குமா? நடந்திருக்கு. 2006ல் என்.எல்.சி. பங்குகளை விற்க முடிவு பண்ணாங்க, தமிழ்நாடு எதிர்த்துச்சு, நிறுத்தி வச்சாங்க. 2013ல் மறுபடி விற்க வந்தப்போ, தமிழ்நாடு அரசு நிறுவனங்களே 3.56 சதவீதப் பங்கை வாங்கிச்சு. 2023 ஏப்ரலில் சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி நிலக்கரி வட்டாரங்களை ஏலப் பட்டியலில் சேர்த்தாங்க. விவசாயிகளும் எல்லாக் கட்சிகளும் குரல் கொடுத்ததும் சில நாளிலேயே நீக்கினாங்க. இந்த மூணுலயும் ஆட்சியில் இருந்தது ஒரே கட்சி இல்ல. ஊரே ஒரு குரலில் நின்னப்போ டெல்லி கேட்டுச்சு.

கடைசியா, நமக்கு வேலை. மாநிலத்துக்கு வந்த காசு ஊருக்கு வந்து சேரணுமே!

சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்குன்னே மாவட்ட கனிம அறக்கட்டளை நிதின்னு ஒண்ணு 2015 சட்டத் திருத்தத்தில் வந்துச்சு. ராயல்டி போக, அதுல ஒரு பங்கு கணக்கில் குத்தகைதாரர் இதுக்குத் தனியா கட்டணும். குடிநீர், சுகாதாரம், படிப்புன்னு பாதிக்கப்பட்ட கிராமங்களுக்குச் செலவு பண்ண வேண்டிய பணம். உங்க கிராமத்துக்கு அதுல என்ன வந்துச்சு? தெரியாதுன்னா, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி ஒரு மனு போடுங்க. 30 நாளில் பதில் தரணும். அந்தப் பதிலைக் கிராம சபையில் எழுந்து வாசிங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, வருஷத்துக்கு ஆறு தடவை நடக்குது. மனு எழுதத் தெரியலைன்னா கவலைப்படாதீங்க, கூட்டம் முடிஞ்சதும் வாசல் பக்கம் நாங்க மேஜை போட்டு உட்கார்ந்திருப்போம். ஊர் பேரு சொல்லுங்க, எழுதித் தர்றோம்.