பனைமலை: கால்வாயோட கடைசி ஏரி

"சென்னையிலிருந்து காலையில கிளம்பி ராத்திரிக்குள்ள வீடு திரும்புற மாதிரி ஒரு ஏரி ஊர் சொல்லுங்க, ஊட்டி, கொடைக்கானல்னு மட்டும் சொல்லிடாதீங்க." இதை நிறைய பேர் கேட்டிருக்கீங்க. இன்னிக்கு எபிசோடு அதுக்குத்தான்.

ஊர் பேரு பனைமலை. விழுப்புரம் மாவட்டத்துல, அனந்தபுரம் பேரூராட்சிக்குப் பக்கத்துல இருக்கு. முதல்லயே சொல்லிடுறேன், போட்டிங், குதிரை சவாரி, மிளகாய் பஜ்ஜி கடை வரிசை எதையும் எதிர்பார்த்துப் போகாதீங்க. ஒரு சின்ன மலை, அதுமேல ஒரு கோயில், கீழே ஒரு பெரிய ஏரி. அவ்வளவுதான். ஆனா இந்த மூணையும் சேர்த்துப் பார்க்க ஒரு பகல் பத்தாது.

மேல இருந்து ஆரம்பிக்கலாம். படி ஏறிப் போனா தாளகிரீஸ்வரர் கோயில். தாளம்னா சமஸ்கிருதத்துல பனை, கிரின்னா மலை. ஊர் பேரைத்தான் சாமிக்கும் வெச்சிருக்காங்க. கட்டினவர் ராஜசிம்மன்னு சொல்ற இரண்டாம் நரசிம்மவர்ம பல்லவன். காலம் கி.பி. 700-க்குப் பிறகு ஒரு இருபது, முப்பது வருஷத்துக்குள்ள. மாமல்லபுரம் கடற்கரைக் கோயில், காஞ்சி கைலாசநாதர் கோயில் ரெண்டும் இவர் கட்டினதுதான். மாமல்லபுரத்துல வரிசையில நின்னு, தலைகளுக்கு நடுவுல எட்டிப் பார்க்குற அதே கைவேலையை இங்க நீங்க கிட்டத்தட்ட தனியா நின்னு பார்க்கலாம். தூணுக்கு அடியில உட்கார்ந்திருக்கிற சிங்கங்கள், கிரந்த எழுத்துல கல்வெட்டு எல்லாமே இருக்கு.

இங்க அவசியம் பார்க்க வேண்டியது ஒரு ஓவியம். வடக்குப் பக்கத்துச் சின்ன சன்னதிக்குள்ள, சுவர்ல பார்வதி. தலையில கிரீடம், மேல ஒரு குடை, ஒரு காலை மடக்கிப் பின்னாடி வெச்சுக்கிட்டு, உடம்பைக் கொஞ்சம் சாய்ச்சு நிக்கிறா. பக்கத்துச் சுவர்ல சிவன் ஆடுறார், இவ அதை ரசிக்கிறா. அந்தச் சிவன் பெரும்பாலும் அழிஞ்சு போச்சு, கோடு கோடாத்தான் மிச்சம். அதனால இப்போ பார்க்கிறப்போ, இல்லாத ஒரு ஆட்டத்தை அவ பார்த்துக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்கும். புதுச்சேரியில இருந்த பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ரேய் இதைக் கவனிச்சு வெளியுலகுக்குச் சொன்னார். பல்லவர் ஓவியம்னு நம்மகிட்ட மிஞ்சினதே ரொம்பக் கொஞ்சம். அதனால ஃப்ளாஷ் போடாதீங்க, சுவர்ல கை வைக்காதீங்க. காதலி பேரைக் கீறுறவங்களைப் பத்தி நான் பேச ஆரம்பிச்சா எபிசோடு நீண்டுடும்.

இப்போ வெளியில வந்து கீழே பாருங்க. ஏரி. நம்ம பேச்சுல நிஜமான விஷயம் இங்கதான்.

இந்த ஏரி மழையை மட்டும் நம்பி இருக்கிற ஏரி இல்ல. திருவண்ணாமலை மாவட்டத்துல கீரனூர்ங்கிற இடத்துல துரிஞ்சலாறு ஓடுது. அங்க ஒரு அணைக்கட்டு. அதிலிருந்து கிளம்புது நந்தன் கால்வாய். கிட்டத்தட்ட 38 கிலோமீட்டர் ஓடி, வழியில 36 ஏரிகளுக்குத் தண்ணி கொடுக்கணும். அதுல 14 திருவண்ணாமலை மாவட்டம், 22 விழுப்புரம் மாவட்டம். கால்வாய் வந்து முடியுற இடம் பனைமலை ஏரி. அதாவது கடைமடை. கல்யாணப் பந்தியில கடைசி வரிசையில உட்கார்ந்தவனுக்கு வடை வருமா வராதான்னு ஒரு பதற்றம் இருக்கும் பாருங்க, அது இந்த ஏரிக்கு வருஷா வருஷம் உண்டு.

கால்வாய்ப் பேரு நந்திவர்ம பல்லவன்கிட்ட இருந்து வந்ததுன்னு சொல்றவங்க உண்டு. அது இரண்டாம் நந்திவர்மனோ மூன்றாம் நந்திவர்மனோன்னா கோயில் முந்தி, கால்வாய் பிந்தி. ஏன்னா ராஜசிம்மனுக்குப் பிறகுதான் அவங்க ரெண்டு பேரும் வர்றாங்க. எது எப்படியோ, மேடு பள்ளம் பார்த்து, வாட்டம் பிடிச்சு, இவ்வளவு தூரம் தண்ணியை நடத்திக் கூட்டிட்டு வர யோசிச்சவங்க சாதாரண ஆளுங்க இல்ல.

பிரச்சினை என்னன்னா, கால்வாய்ல எங்க மண் சேர்ந்தாலும், எங்க கரை உடைஞ்சாலும், எங்க முள்ளு மண்டினாலும் முதல்ல அடிபடுறது கடைசி ஏரிதான். துரிஞ்சலாறும் வருஷம் முழுக்க ஓடுற ஆறு இல்ல. அதனால இந்தப் பகுதி விவசாயிகள் ரொம்ப காலமா ரெண்டு விஷயம் கேட்குறாங்க. ஒண்ணு, கால்வாயை ஒழுங்கா சீரமைக்கணும். இன்னொண்ணு, தென்பெண்ணையில இருக்கிற சாத்தனூர் அணைத் தண்ணியை இந்தக் கால்வாயோட இணைக்கணும்.

சாத்தனூர்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? 2024 டிசம்பர், ஃபெஞ்சல் புயல். மயிலத்துல ஒரே நாள்ல 51 செ.மீ. மழை. சாத்தனூர்லேர்ந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டாங்க, தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கிச்சு. நந்தன் கால்வாய் மாதிரி ஒரு வாய்க்கால் அந்த வெள்ளத்தைத் தடுத்திருக்கும்னு நான் சொல்ல வரல, அந்த அளவுக்கு முன்னாடி அது ஒரு உறிஞ்சு குழாய். ஆனா வெள்ளம் இல்லாத சாதாரண வருஷத்துல, அணை நிரம்பி மிச்சம் போற தண்ணியில ஒரு பங்கு கேட்குறது நியாயமான கேள்வி. ஏரி நிரம்பினா மதகு வழியா வயலுக்கு, கிணத்துக்கு ஊத்து, மாட்டுக்குத் தண்ணி, குத்தகைக்காரருக்கு மீன். நம்மளுக்கு ஒரு போட்டோ. வரிசையில நம்ம இடம் கடைசிதான்.

எப்போ போகலாம்? வடகிழக்குப் பருவமழை முடிஞ்ச டிசம்பர் கடைசி, ஜனவரி நல்லா இருக்கும். மே மாசம் போனா மலைப் பாறை கால்ல சுடும், ஏரியில மாடு மேயலாம். ஏரியில இறங்கிக் குளிக்காதீங்க. மதகுப் பக்கம் சேறும் ஆழமும் கண்ணுக்குத் தெரியாது, காப்பாத்த ஆள் கிடையாது. கோயில் மத்திய தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கு. சன்னதி பூட்டியிருந்தா ஊர்ல பொறுமையா விசாரிங்க. தண்ணி பாட்டில், சாப்பாடு நீங்களே கொண்டு போங்க, குப்பையையும் நீங்களே கொண்டு வாங்க.

நேரம் இருந்தா கிழக்கே விழுப்புரம்–செஞ்சி ரோட்டுப் பக்கம் மண்டகப்பட்டு. ராஜசிம்மனுக்கு ஒரு நூறு வருஷம் முன்னாடி மகேந்திரவர்மன் குடைஞ்ச குகைக் கோயில். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாம பிரம்மா, சிவன், விஷ்ணு மூணு பேருக்கும் கோயில் எடுத்தேன்னு கல்லுலயே பெருமையா எழுதி வெச்சிருக்கார். மண்டகப்பட்டைக் காலையில முடிச்சுட்டு, சாயங்காலம் பனைமலை ஏறுங்க. ஏறுறதுக்கு முன்னாடி ஏரிக்கரையில ஒரு நடை போங்க. கரையில யாராவது பெரியவர் உட்கார்ந்திருந்தா, "ஐயா, இந்த வருஷம் கால்வாய்த் தண்ணி வந்துச்சா?"ன்னு கேளுங்க. அடுத்த ஒரு மணி நேரம் நீங்க பேசவே வேண்டியிருக்காது.