இராகமாலை ஓவியங்கள்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



செவியால் நுகரும் இராகத்தைக் கண்ணாற் காணல் இயலுமோ? இயலும் என்று காட்டினர் இராஜபுதனம், தக்காணம், இமயச்சாரல் ஆகிய நாடுகளின் ஓவியர். அவர்தம் சிற்றோவியத் தொகுதிக்கு இராகமாலை என்று பெயர். ஆறு இராகங்களைத் தலைவராகவும், ஒவ்வொன்றிற்கும் ஐந்து இராகினிகளை மனைவியராகவும் கொண்டு, 36 ஏடுகளாகத் தீட்டுதல் பெருவழக்கு.

தோடி இராகினியை நோக்குவோம். தலைவனைப் பிரிந்த நங்கை வனத்தில் வீணையேந்தி நிற்கின்றாள்; மான்கள் மேய்ச்சல் மறந்து அவளைச் சூழ்கின்றன. மேகராகத்திலோ, கருமுகில் மழை பொழியக் கண்ணன் களித்தாடுகின்றான். ஸ்வரம் ஒன்றும் எழுதப்பெறாதிருந்தும், ஏக்கமும் களிப்பும் நம் நெஞ்சிற் புகுகின்றன.

1605-இல் மேவார் நாட்டுச் சாவந்தில் நிஸார்தி என்னும் ஓவியர் இத்தகைய மாலையொன்று தொடுத்தார். அதன் ஏடுகள் இன்று காட்சிச்சாலைகளிலும் தனியாரிடத்தும் சிதறிக் கிடக்கின்றன. வேறு பல மாலைகளின் கதியும் இதுவே. தனியேடும் அழகியதே, எனினும் தோடியின் ஏக்கம், மேகத்தின் களிப்பை அடுத்து நோக்கும்போதன்றோ முழுதும் விளங்கும்?

நம் இல்லங்களிலும் முன்னோர் வைத்த சுவடிகளும் படத்தொகுதிகளும் உள. பாகப்பிரிவினையின்போது அவற்றை ஏடு ஏடாகப் பிரிக்காமல், ஒருவரிடமே முழுமையாய் வைத்து யாவரும் கண்டு மகிழ்வோமாக. அறுந்த மாலையைத் தொடுத்தல் அரிது. அறாமற் காத்தல் எளிது.