ஸ்வீடனில் ஒரு ஜீன்ஸ் கிழிந்தால்

இன்னைக்கு எபிசோடில் நாம பேசப்போறது துணியைப் பற்றி. குறிப்பா ஸ்வீடன், நார்வே, டென்மார்க் நாடுகளின் ஆடை பிராண்டுகள் பத்து வருஷத்துக்கும் மேலா சொல்லிக்கிட்டு வர்ற ஒரு வார்த்தையைப் பற்றி: ‘சர்குலர்’. தமிழில் சுழற்சிப் பொருளாதாரம்னு எழுதுறோம். ஐடியா ரொம்ப சிம்பிள். பஞ்சு நூலாகி, நூல் துணியாகி, துணி சட்டையாகி, சட்டை கடைசியில் குப்பைக்குப் போகிறது. இந்த நேர்கோட்டை வளைத்து வட்டமாக்க வேண்டும். பழைய சட்டையிலிருந்தே புதுச் சட்டை வர வேண்டும்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. நடக்குதா? எங்கே நடக்குது, எங்கே அறுந்து போகுது? அதுதான் இன்னைக்குக் கேள்வி.

இதைப் புரிஞ்சுக்க என் தொழிலிலிருந்து ஒரு வார்த்தையை எடுத்துக்கிறேன்: டிபெண்டன்சி. நான் எழுதுற புரோகிராம் ஓட, வேறொருத்தர் எழுதின லைப்ரரி வேணும். அது ஓட இன்னொண்ணு வேணும். இந்தச் சங்கிலியில் எங்கேயோ ஒருத்தர் கையை விட்டுட்டா, என் கோடுல ஒரு தப்பும் இல்லைன்னாலும் என் புரோகிராம் நின்னுடும். இதை மனசுல வெச்சுக்கோங்க. ஸ்வீடனுக்குப் போகலாம்.

2012-ல் ஸ்டாக்ஹோமின் கேடிஹெச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ரினியூசெல் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பழைய பருத்தித் துணியைக் கரைத்து, திரும்பவும் துணி நெய்யக்கூடிய மூலப்பொருளாக மாற்றுவது அவர்கள் வேலை. 2014-ல் அந்தப் பொருளிலிருந்து தைத்த ஒரு மஞ்சள் உடையை உலகுக்குக் காட்டினார்கள். 2017-ல் ஹெச் அண்ட் எம் குழுமம் பங்குதாரராகச் சேர்ந்தது. 2022-ல் சுண்ட்ஸ்வால் என்ற கடலோர நகரத்தில், முன்பு காகித ஆலை இருந்த வளாகத்திலேயே பெரிய தொழிற்சாலையைத் திறந்தார்கள். ஆண்டுக்கு 60,000 டன் தயாரிக்கும் திறன். அதை இரண்டு மடங்காக்கும் திட்டமும் இருந்தது.

காகித ஆலை வளாகம் என்பது தற்செயல் இல்லை. பருத்தியும் மரமும் அடிப்படையில் செல்லுலோஸ்தான். ரினியூசெல் ஆலையில் பழைய ஜீன்ஸையும் டி-சர்ட்டையும் துண்டு துண்டாக்கி, பட்டன், ஜிப்பை நீக்கி, சாயத்தை எடுத்து, கூழாக்கி, பாலியஸ்டர் போன்ற கலப்புகளைப் பிரித்து, கடைசியில் அட்டை போன்ற வெள்ளைத் தாள்களாகக் காயவைப்பார்கள். அதன் பெயர் சர்குலோஸ். விஸ்கோஸ் துணி தெரியும் இல்லையா? வழக்கமாக அது மரக்கூழிலிருந்து வருகிறது. அந்த மரக்கூழின் இடத்தில் சர்குலோஸை வைக்கலாம்.

இது ஏன் பெரிய விஷயம்? பழைய துணியை மெஷினில் பிய்த்து மறுபடி பஞ்சாக்கும் முறை ரொம்ப காலமாகவே இருக்கு. ஆனால் பிய்க்கும்போது இழை குட்டையாகிவிடும். குட்டை இழையில் நூல் பலமாக வராது. அதனால் புதுப் பஞ்சைக் கலந்தாக வேண்டும், இல்லைன்னா மெத்தைக்குள்ள அடைக்கத்தான் ஆகும். ரினியூசெல் இந்த இழைப் பிரச்சினையையே தாண்டிப் போனது. கூழாக்கி, புது இழையாகவே இழுக்க முடிந்தது. உலகத்தில் தூக்கிப்போடும் உடைகளில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் மறுபடி உடையாகிறது என்பார்கள். அந்த எண்ணை மாற்றப்போகிற ஆலை இதுதான்னு எல்லாரும் எதிர்பார்த்தாங்க.

2024 பிப்ரவரியில் ரினியூசெல் திவாலானது.

டெக்னாலஜி வேலை செஞ்சது. ஆலை ஓடிச்சு. பிராண்டுகள் மேடைக்கு மேடை பாராட்டினாங்க. ஆனா ஆர்டர் போதுமான அளவு வரலை.

இங்கேதான் டிபெண்டன்சி வருது. ரினியூசெல் ஆலைக்கும் கடையில் தொங்குற சட்டைக்கும் நடுவில் எத்தனை பேர் இருக்காங்கன்னு எண்ணிப் பாருங்க. கூழை வாங்கி இழையாக்கும் விஸ்கோஸ் கம்பெனி. இழையை வாங்கி நூலாக்கும் நூற்பாலை. நூலை வாங்கித் துணியாக்கிச் சாயம் போடும் மில். துணியை வாங்கித் தைக்கும் ஆயத்த ஆடை ஆலை. நாலு கை. அதுக்கப்புறம்தான் பிராண்டு. ‘சர்குலோஸ் எங்களுக்கு வேணும்’னு சொல்றது பிராண்டு. காசு போட்டு முதலில் வாங்க வேண்டியது நாலு கை தள்ளி இருக்கிற விஸ்கோஸ் கம்பெனி. சர்குலோஸ் விலை மரக்கூழைவிட அதிகம். அந்த அதிக விலையை யார் ஏத்துக்கிறது? பிராண்டு உறுதியான ஆர்டர் கொடுத்தா வாங்குறேன்னு இழைக்காரர் காத்திருப்பார். துணி ரெடியா இருந்தா ஆர்டர் கொடுக்குறேன்னு பிராண்டு காத்திருக்கும். நடுவுல 60,000 டன் ஆலைக்கு வட்டி மட்டும் காத்திருக்காம ஓடிக்கிட்டே இருக்கும்.

அதே 2024 ஜூனில் ஆல்டர் என்ற முதலீட்டு நிறுவனம் அதை வாங்கி, கம்பெனிக்கே சர்குலோஸ்னு பெயர் வைத்தது. ஆக, கதை முடிஞ்சுபோச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனால் பாடம் தெளிவு: பெரிய வட்டம் மூட, நிறைய பேர் ஒரே நேரத்தில் கை கோர்க்கணும்.

இப்போ சின்ன வட்டத்தைப் பார்ப்போம்.

கோத்தன்பர்க் நகரத்தில் 2001-ல் மரியா எரிக்சன் தொடங்கிய பிராண்டு நூடி ஜீன்ஸ். அவங்க ஜீன்ஸ் கிழிஞ்சா, ரிப்பேர் ஷாப்னு அவங்களே அழைக்கிற கடைக்கு எடுத்துட்டுப் போகலாம். இலவசமா தைச்சுக் கொடுப்பாங்க. எத்தனை வருஷத்துக்கு முன்னாடி வாங்கியிருந்தாலும் சரி. கடைக்குள்ளேயே, வாடிக்கையாளர் கண்ணெதிரே தையல் மெஷின் ஓடும். இனி போட முடியாதுன்னு தோணினா, பழைய ஜீன்ஸைக் கொடுத்துட்டுப் புதுசுக்கு 20 சதவீதம் தள்ளுபடி வாங்கிக்கலாம். அந்தப் பழசைத் துவைத்து, தைத்து, மறுபடி விற்பார்கள். ஆண்டுக்கு 50,000-க்கும் மேற்பட்ட ஜீன்ஸ்களை இப்படித் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

இதில் டிபெண்டன்சி எத்தனை? ஒரு தையல்காரர், ஒரு மெஷின், ஒரு ஒட்டுத்துணி. அவ்வளவுதான். விஸ்கோஸ் கம்பெனி சம்மதிக்க வேண்டாம், முதலீட்டாளர் கூட்டம் வேண்டாம். கிழிஞ்சதும் வந்து நிக்கிற ஆள் இருந்தா வட்டம் மூடிடும்.

அங்கே இன்னும் சில பிராண்டுகள் இந்தச் சின்ன வட்டத்தில் வேலை செய்கிறார்கள். ஃபியல்ராவன், 1960-ல் தொடங்கிய ஸ்வீடன் கம்பெனி, தன் துணிக்கு ‘கிரீன்லாந்து வாக்ஸ்’ என்று ஒரு மெழுகை விற்கிறது. பாரஃபினும் தேன்மெழுகும் கலந்தது. ஜாக்கெட்டில் தேய்த்துச் சூடு காட்டினால் தண்ணீர் ஒட்டாது. துவைக்கத் துவைக்கப் போய்விடும், திரும்ப நாமே தேய்த்துக்கொள்ள வேண்டும். அதாவது, பராமரிக்கிற வேலையில் பாதியை வாங்குறவர் கையிலேயே கொடுத்துட்டாங்க. ஃபிலிப்பா கே 2008-லேயே ஸ்டாக்ஹோமில் தன் பழைய உடைகளுக்கென்று தனிக் கடை திறந்தது. ஹூடினி என்கிற பிராண்டு, தேய்ந்துபோன கம்பளி உடைகளை மக்கவைத்து, அந்த மண்ணில் காய்கறி வளர்த்து, அதைச் சமைத்து விருந்தே வைத்தது. விளம்பர உத்திதான், மறுக்கலை. ஆனா அதுக்குள்ள ஒரு டிசைன் முடிவு இருக்கு. கம்பளியில் பாலியஸ்டர் கலந்திருந்தா அது மக்காது. சட்டை எப்படிச் சாகணும்கிறதைத் தைக்கிறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணியிருக்காங்க.

‘அப்போ எல்லாரும் ரிப்பேர் பண்ணிட்டா முடிஞ்சுதே’ன்னு நீங்க கேட்கலாம். அங்கேயும் ஒரு சிக்கல். ஸ்வீடனில் மனித உழைப்புக்கு நல்ல கூலி. அது நியாயமானதுதான். ஆனா அதனாலேயே, ஒரு கிழிசலைத் தைக்க ஆகும் செலவில் தள்ளுபடியில் புது பேன்ட்டே கிடைச்சுடும். இதைச் சரிசெய்யத்தான் 2017-ல் ஸ்வீடன் அரசு துணி, செருப்பு, சைக்கிள் ரிப்பேருக்கான வாட் வரியை 25 சதவீதத்திலிருந்து 12-ஆகக் குறைத்தது. 2022 ஜூலையில் 6 ஆக்கினார்கள். 2023 ஏப்ரலில் மறுபடி 25-க்கே கொண்டுபோய்விட்டார்கள். ஆறு வருஷத்தில் ஏறி இறங்கின இந்த வரியை நம்பி, யார் கடை போட்டுத் தையல்காரரை வேலைக்கு வைப்பார்? சின்ன வட்டத்துக்கும் ஒரு டிபெண்டன்சி இருக்கு, அதுக்குப் பேரு அரசாங்கம்.

சரி, கடைகளில் பழைய துணி போடுற பெட்டி? ஹெச் அண்ட் எம் 2013-லிருந்து உலகம் முழுக்கத் தன் கடைகளில் பழைய துணியைச் சேகரிக்கிறது. 2023-ல் ஆஃப்டன்பிளாடெட் என்ற ஸ்வீடன் நாளிதழ் ஒரு சோதனை செய்தது. நல்ல நிலையில் இருந்த பத்து உடைகளுக்குள் இருப்பிடம் காட்டும் ஏர்டேக்கை மறைத்துத் தைத்து, ஸ்வீடனில் இருக்கிற ஹெச் அண்ட் எம் பெட்டிகளில் போட்டது. சில உடைகள் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாடு வரை பயணம் செய்தன. பெட்டியில் போட்டவர் மனசில் அந்தத் துணி வட்டத்துக்குள்ள போயிடுச்சு. உண்மையில் அது இன்னொரு நேர்கோட்டில் போய்க்கிட்டு இருந்தது.

இந்த மாதிரி விஷயத்தில் தட்டிக்கேட்ட ஒரு அரசு அமைப்பும் அதே பகுதியில்தான் இருக்கு. 2022-ல் நார்வேயின் நுகர்வோர் ஆணையம், நோரோனா என்ற சொந்த நாட்டு பிராண்டையே பிடித்தது. ஆர்கானிக் பருத்தி டி-சர்ட் சுற்றுச்சூழலுக்கு இவ்வளவு நல்லது என்று, ஹிக் அட்டவணையின் பொதுவான சராசரி எண்களை வைத்து விளம்பரம் செய்வது வாங்குபவரைத் தவறாக வழிநடத்துகிறது என்று தீர்ப்பளித்தது. ஹெச் அண்ட் எம்முக்கும் அதே எச்சரிக்கை போனது. உலகம் முழுக்கப் பல பிராண்டுகள் நம்பியிருந்த ஒரு மதிப்பெண் முறை அது. இதற்குப் பிறகு, வாங்குபவர்களுக்கு அந்த மதிப்பெண்ணைக் காட்டுவதையே நிறுத்தி வைத்தார்கள்.

இந்த ஸ்வீடன் கதைக்குள்ள நம்ம ஊரும் ஒரு இடத்துல வருது. நூடி ஜீன்ஸுக்குப் பின்னலாடை தைத்துக் கொடுப்பவர்களில் திருப்பூர் ஆலை ஒன்றும் உண்டு. பத்து வருஷத்துக்கு மேல ஆகுது, அந்த ஆலைத் தொழிலாளர்களுக்கு வாழ்க்கை நடத்தப் போதுமான கூலி எவ்வளவு, இப்ப வாங்குறது எவ்வளவு, இடைவெளி எவ்வளவுன்னு கணக்குப் போட்டாங்க. ஆலையின் மொத்த உற்பத்தியில் தன் பங்கு எத்தனை சதவீதமோ, அந்த இடைவெளியில் அத்தனை சதவீதத்தை நூடி கூடுதலாகக் கொடுக்க ஆரம்பித்தது. நூடி துணியைத் தைப்பவருக்கு மட்டும் இல்லை, ஆலையில் இருக்கிற எல்லாருக்கும் பிரித்து.

நல்ல விஷயம். ஆனா கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்க. ஒரு உதாரணத்துக்கு, ஒரு அக்காவுக்கு மாசம் 4,000 ரூபாய் பத்தலைன்னு வெச்சுக்குவோம். அந்த ஆலையில் ஒரு பிராண்டோட பங்கு 5 சதவீதம்னா, அது நேர்மையா கொடுக்கிற தொகை 200 ரூபாய். மீதி 3,800 ரூபாய், அதே ஆலையில் தைத்து வாங்குகிற மற்ற பிராண்டுகள் கையில் இருக்கு. அவங்க கொடுக்கலைன்னா இடைவெளி அப்படியே நிக்கும். சுண்ட்ஸ்வால் ஆலையும் இதே இடத்தில்தான் நின்னுச்சு. ஒருத்தர் வாங்கினா பத்தாது. மத்தவங்களும் சேர்ந்து காசு போடணும்.

அதனால நான் இதில் புரிஞ்சுக்கிறது இதுதான். வட்டம் எவ்வளவு சின்னதோ, அவ்வளவு சீக்கிரம் மூடும். தைத்துப் போடுறது முதல், கை மாத்தி விக்கிறது அடுத்து, கரைச்சுப் புதுசாக்குறது கடைசி. கடைசி வட்டம் வேண்டாம்னு சொல்லலை. தைக்கவே முடியாத துணிக்கு வேற வழி இல்லை. ஆனா அந்த வட்டத்துக்குத் தேவை இன்னொரு புதுக் கண்டுபிடிப்பு இல்லை. வருஷக்கணக்கில் கையெழுத்துப் போட்ட ஆர்டர். அடுத்த முறை ஒரு பிராண்டு ‘நாங்க மறுசுழற்சி இழைக்கு ஆதரவு’ன்னு சொன்னா, ஒரே ஒரு கேள்வி கேளுங்க: எத்தனை டன், எத்தனை வருஷத்துக்கு?

ரெண்டாவது, உங்க சட்டையோட காலர் பக்கம் லேபிளைப் பாருங்க. நூறு சதவீதம் பருத்தியா, இல்ல பருத்தியும் பாலியஸ்டரும் எலாஸ்டேனும் கலந்ததா? அந்த ஒரு வரி, இந்தச் சட்டை எந்த வட்டத்துக்குள்ள நுழைய முடியும், எதுக்குள்ள முடியாதுன்னு சொல்லிடும். கடைக்காரர் சொல்ற ‘பசுமை’ங்கிற வார்த்தையைவிட அது நேர்மையானது.

இன்னைக்கு இவ்வளவுதான். உங்ககிட்ட ரொம்ப வருஷமா தைச்சுத் தைச்சுப் போடுற ஒரு துணி இருந்தா, அதை யார் தைச்சது, எத்தனை தடவைன்னு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சிலதைச் சேர்த்துக்கலாம்.