பீடி யாருடைய குற்றம்?

(சேந்தமங்கலத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பீடி. கடவுளையும் புராணத்தையும் பற்றிப் பேசிப் பழகிய மேடையிலே பீடிக்கு என்ன வேலை என்று சில தோழர்கள் கேட்டார்கள். வேலை இருக்கிறது. ஏழைக்கு நேருகிற கேடு எதுவானாலும், அதை அவன் தலையெழுத்து என்றோ அவன் புத்தி என்றோ சொல்லி ஒதுக்கிவிடுகிற வழக்கம் இந்த நாட்டில் இருக்கிற வரையில் பீடியும் நம் மேடைக்கு உரிய சங்கதிதான்.

நான் உபதேசம் செய்ய வந்தவனல்ல. நானே இருபத்திரண்டு வருஷம் பீடி குடித்தவன். அய்ந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு லாரிக்குக் கிளீனராகப் போனேன். அங்கே நான் கற்ற முதல் பாடம், டிரைவர் அண்ணனுக்குப் பீடி பற்றவைத்துக் கொடுப்பது. என் சொந்த அண்ணன் மூட்டை தூக்கியவர். அவருக்குக் காசநோய் கண்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது, டாக்டர் அவருடைய சட்டைப்பையிலே பீடிக்கட்டைப் பார்த்துவிட்டு, "உங்கள் ஜனங்களுக்கு எத்தனை சொன்னாலும் புத்தி வராது" என்றார். வீட்டுக்கு வந்தால் எங்கள் அத்தை, "அது அவன் செய்த கர்மம்" என்றார். படித்தவர் புத்தி என்றார். படிக்காதவர் கர்மம் என்றார். இரண்டிற்கும் பொருள் ஒன்றுதான்: மற்றவர்கள் யாரும் எதுவும் செய்யவேண்டியதில்லை! அந்த வருஷமே அண்ணன் போய்விட்டார்.

முதலில் கர்மத்தைப் பார்ப்போம். புகையிலை இந்த நாட்டுச் செடியே அல்ல. அது அமெரிக்காவின் செடி. 1492-ல் கொலம்பசு அங்கே போன பிறகுதான் வெளியுலகத்துக்கு அது தெரியவந்தது. போர்ச்சுகீசியர் இங்கே கொண்டுவந்தார்கள். அப்படியிருக்க, நம் முனியப்பனுக்கும் கருப்பனுக்கும் சுருட்டு படைக்கிறோமே, 1492-க்கு முன்னால் அந்தச் சாமிகள் எதைக் குடித்துக்கொண்டிருந்தன? பிரம்மா எழுதிய தலையெழுத்திலே பீடி இருந்தால், கப்பல் வருகிற வரைக்கும் அந்த எழுத்துக் காலியாகவா கிடந்தது? சாமிக்கே சுருட்டு ஆகும்போது பையனுக்கு மட்டும் ஏன் ஆகாது என்று பத்து வயதுப் பிள்ளை கேட்டால் எந்தப் பூசாரி பதில் சொல்லுவார்?

நிற்க. அடுத்தது புத்தி. 1948-ஆம் வருஷத்து இங்கிலாந்திலே ஆண்களில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் புகையிலை உபயோகித்தார்கள். சீமானும் குடித்தான், கூலியும் குடித்தான், வைத்தியம் பார்க்கிற டாக்டரும் குடித்தார். 1950-ல் டால், ஹில் என்ற இருவர் புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள சம்பந்தத்தைக் கணக்குப்போட்டுக் காட்டினார்கள். அதற்குப் பிறகு முதலில் விட்டவர்களில் டாக்டர்கள் இருந்தார்கள். பிறகு படித்தவர்களும் பணமுள்ளவர்களும் விட்டார்கள். இன்றைக்கு அங்கே புகை அதிகமாக இருப்பது வேலையில்லாதவர்களும் வறியவர்களும் வாழ்கிற பேட்டைகளில். ஏழையின் புத்திதான் காரணம் என்றால், 1948-ல் சீமானுடைய புத்தி எங்கே போயிருந்தது? விடுவதற்கு வேண்டிய ஓய்வும் நிம்மதியும் உதவியும் யாருக்குக் கிடைத்தனவோ அவர்கள் விட்டார்கள் என்பதல்லாமல் வேறென்ன சொல்லமுடியும்?

இனி நம் ஊருக்கு வருவோம். இங்கிருந்து காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி வழியாக எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் கொல்லிமலை. மலையிலும் அடிவாரத்திலும் மரவள்ளி போடுகிற குடியானவன் கிட்டத்தட்ட பத்து மாதம் காத்திருக்கிறான். உரத்துக்குக் கடன், கல்யாணத்துக்குக் கடன், ஆஸ்பத்திரிக்குக் கடன். கிழங்கைப் பிடுங்கி லாரியில் ஏற்றிய பிறகு மில்லிலே மாவுச்சத்துக்குப் பாயிண்ட் பார்த்து விலை சொல்லுகிறார்கள். தன் பொருளுக்குத் தான் விலை சொல்லமுடியாதவன் மனது எப்படியிருக்கும்? அவன் எத்தனை பீடி குடிப்பான் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

இது என் ஊகம் மாத்திரம் அல்ல. 2013-ல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. நம் தமிழ்நாட்டிலேயே 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளுக்கு, அறுவடைக்கு முன்னால் கையில் காசில்லாத காலத்தில் ஒரு தடவையும், அறுவடைப் பணம் வந்த பிறகு ஒரு தடவையும் மூளைக்கு வேலை கொடுக்கும் சோதனை வைத்தார்கள். அதே ஆள், அதே மூளை. ஆனால் காசில்லாத காலத்தில் குறைவாகவும், பணம் வந்த பிறகு நன்றாகவும் செய்தார்கள். அவர்கள் பீடியைப் பற்றி ஆராயவில்லை. ஆனாலும் கவலை ஒரு மனிதனுடைய யோசனையில் எவ்வளவு பங்கைத் தின்றுவிடுகிறது என்பது அதிலே தெரிகிறது. மிச்சமிருக்கிற யோசனையைக் கொண்டு அவன் நாளைய நெஞ்சு நோயை நினைத்து இன்றைய பீடியை எறியவேண்டுமாம்!

கூலிக்காரன் சங்கதி இன்னொன்று. மூட்டை தூக்குகிறவன் சும்மா உட்கார்ந்தால் மேஸ்திரி திட்டுவான். பீடி பற்றவைத்து உட்கார்ந்தால் பேசாமல் போய்விடுவான், ஏனென்றால் அவனும் பீடி குடிக்கிறவன். ஆகவே பீடி என்பது ஓய்வு எடுத்துக்கொள்ள ஒரு அனுமதிச் சீட்டு. என் அண்ணன் முதல் பீடியைக் குடித்தது அதற்காகத்தான் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். இங்கிலாந்தில் ஹிலாரி கிரகாம் என்ற அம்மையார், கைக்குழந்தையோடு வறுமையில் வாழ்ந்த தாய்மார்களை விசாரித்து, நாள் முழுதும் அவர்கள் தங்களுக்கென்று செய்துகொண்ட காரியம் அந்த ஒரு சிகரெட்டாகவே இருந்தது என்று கண்டு எழுதினார். நாடு வேறானாலும் சங்கதி ஒன்றே. ஸ்காட்லாந்திலும் ஏழைப் பகுதிகளில்தான் புகையிலைக் கடைகள் நெருக்கமாக இருப்பதாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். நம் தெருவில் கணக்கே வேண்டாம். பெட்டிக்கடையில் தொங்குகிற நெருப்புக் கயிறே போதும். தீப்பெட்டிக் காசுகூட மிச்சம்!

அப்படியானால், "ஏழைக்கு இருக்கிற ஒரே சுகம் அது, அதையும் பிடுங்கலாமா?" என்று நம்மவர்களிலேயே நல்ல மனதுள்ள சிலர் கேட்கிறார்கள். இது டாக்டர் சொன்னதைவிட மோசமான பேச்சு. சுகம் என்பதே பொய். பீடிப் புகையிலுள்ள நிகோடின் சில வினாடிகளில் மூளைக்குப் போகிறது. இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் பாதி குறைந்துவிடுகிறது. குறைந்தவுடன் எரிச்சல், படபடப்பு, கோபம். அடுத்த பீடி அந்த எரிச்சலைத் தணிக்கிறது. குடித்தவன் தன் கடன் கவலை தணிந்ததாக நினைத்துக்கொள்ளுகிறான். கூரையில் தீ வைத்தவனே ஒரு குடம் தண்ணீரோடு வந்தால் அவனுக்கு நாம் மாலை போடுவோமா? புகையை விட்டவர்களையும் விடாதவர்களையும் கவனித்த 26 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து 2014-ல் எழுதினார்கள்: விட்டவர்களுக்கே மனக்கவலையும் சோர்வும் குறைந்திருக்கின்றன. ஆனால் முதல் சில வாரம் கடினம். அதை மறைக்கமாட்டேன். நான் விட்ட முதல் வாரம் என் வீட்டு அம்மாள் என்னோடு பேசவேயில்லை.

சுகத்தின் விலை என்ன? சென்னையிலும் விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் விவரத்தை டாக்டர் கஜலட்சுமியும் மற்றவர்களும் ஆராய்ந்து 2003-ல் வெளியிட்டார்கள். காசநோயால் சாகிற ஆபத்து புகை குடிக்கிறவனுக்கு, குடிக்காதவனைப்போல நான்கு மடங்குக்கு மேல். ஆண்களின் காசநோய்ச் சாவில் பாதி புகையினால் வந்தது. என் அண்ணன் அந்தப் பாதியில் ஒருவர் என்றே நினைக்கிறேன். பீடி குடிக்கிற ஆண் சராசரி ஆறு வருஷ ஆயுளை இழக்கிறான் என்று 2008-ல் இன்னொரு ஆராய்ச்சி சொல்லிற்று. பீடி இலைதானே, சிகரெட்டைவிடச் சாது என்பது வெறும் பேச்சு. இலை எளிதில் எரியாது. அணையாமலிருக்க அடிக்கடி பலமாக இழுக்கவேண்டும்.

"ஏழையின் பீடி" என்று சொல்லியே வரியும் குறைக்கப்பட்டது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது சிகரெட்டுக்குப் போட்ட கூடுதல் வரி பீடிக்குப் போடப்படவில்லை. சுற்றுகிற பெண்களுக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. லாபம் யாருக்கு என்று நான் சொல்லவேண்டியதில்லை.

சரி, என்ன செய்வது என்பீர்கள். பள்ளிக்கூடத்துக்கு நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது, பதினெட்டு வயதுக்குக் குறைந்தவனுக்கு விற்கக்கூடாது என்று 2003-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. இந்த ஊரில் ஒரு கயிறும் டேப்பும் எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள். அளந்ததை எழுதி மனுக் கொடுங்கள். விட நினைக்கிறவர்கள் 1800-11-2356 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம்.

நான் விட்ட பிறகு, அண்ணன் வேலை செய்த இடத்துக்குப் போய் மேஸ்திரியிடம் ஒன்று கேட்டேன். பீடி குடிக்கிறவனுக்குக் கொடுக்கிற பத்து நிமிஷத்தைக் குடிக்காதவனுக்கும் கொடுங்கள் என்றேன். "வேலை கெட்டுப்போகுமப்பா" என்றார். இரண்டு மாதம் அலைந்தேன். இப்போது பத்தரை மணிக்கு எல்லாரும் உட்காருகிறார்கள். புதிதாக வந்த பையன் ஒருவன் இதுவரை பீடி தொடவில்லை. பழைய ஆட்களில் சிலர் விட்டார்கள், பலர் விடவில்லை. விடாதவர்கள் பக்கத்தில்தான் நான் போய் உட்காருகிறேன்.