பெயரும் வினையும்: பணி மதிப்பீட்டின் மொழி



ஒருவருடைய பணியை மதிப்பிடுவது நிர்வாகத்துறைக்கு மட்டும் உரிய செயலன்று. மதிப்பெண்ணை எண்ணால் இடலாம். அதற்கான காரணத்தை வாக்கியத்தால்தான் சொல்லியாக வேண்டும். அவ்வாக்கியத்தின் அமைப்பையே இங்கு ஆராய விழைகின்றோம்.

கெடா மாநிலத்தின் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தை எண்ணிப் பார்ப்போம். விடியுமுன் பெரட்டு நடைபெறும். 'பரேடு' என்னும் ஆங்கிலச் சொல்லே தோட்டத் தமிழில் 'பெரட்டு' ஆயிற்று. வேலைக்கு வந்தோரின் எண்ணிக்கைக்கேற்பக் கங்காணிக்குத் 'தலைக்காசு' கிடைத்தது. அக்காசு தலைகளை எண்ணியது. பட்டையில் காயம் படாமல் மரம் சீவிய கைத்திறனை எண்ணவில்லை. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களிலோ, பறித்த கொழுந்தின் எடை குறைந்தால் 'அரைப்பேர்' போட்டனர். குறைந்தது கொழுந்து, பாதியானது தொழிலாளியின் பெயர்.

இவ்வழக்கிற்குள் ஓர் இலக்கணச் சிக்கல் உண்டு. 'அவர் சோம்பேறி' என்பது பெயர்ப் பயனிலை கொண்ட வாக்கியம். 'அவர் மார்ச்சு மாதத்தில் மூன்று நாள் தாமதமாக வந்தார்' என்பது வினைப் பயனிலை கொண்டது. பெயர் காலம் காட்டாது, வினை காலம் காட்டும் என்பது தொல்காப்பியம் தொட்டு நாம் கற்றுவரும் பாடம். காலமற்ற முதல் வாக்கியத்திற்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. கேட்பவர் அதற்கு விடை கூறவும் இயலாது. இரண்டாவதற்கு அவர் காரணம் சொல்லலாம். வருகைப் பதிவேட்டைக் காட்டி மறுக்கலாம். அடுத்த மாதமே திருத்திக்கொள்ளலாம். பாராட்டிற்கும் இது பொருந்தும். 'அவர் கெட்டிக்காரர்' என்றால், எதனைத் தொடர்ந்து செய்ய வேண்டும் என்பது அவருக்கு விளங்காது.

1992ஆம் ஆண்டின் புதிய சம்பள முறை, அரசு ஊழியரின் ஆண்டு மதிப்பீட்டைச் சம்பள உயர்வோடு பிணைத்தது. 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் இன்று மேற்பார்வையாளராகவும் தலைமையாசிரியராகவும் பிறரை மதிப்பிடுகின்றனர். படிவம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். எதிரே அமர்ந்திருப்பவர் தமிழராயின் பேச்சு பெரும்பாலும் தமிழில்தான் நிகழ்கிறது. அங்கே 'நாங்கள் எதிர்பார்த்தோம்' என்றால் கேட்பவர் வெளியே நிறுத்தப்படுகிறார். 'நாம் இதனைச் சீர்செய்வோம்' என்றால் உள்ளே அழைக்கப்படுகிறார். இவ்வேறுபாட்டை ஒரே சொல்லால் காட்டும் வசதி ஆங்கிலத்தில் இல்லை. தமிழிலும் மலாயிலும் உண்டு.

ஒருவரின் செயலையே உரைகல்லாகக் கொள்ளுமாறு திருவள்ளுவர் 'தெரிந்துதெளிதல்' அதிகாரத்தில் அறிவுறுத்துகிறார். ஆகவே ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தேர்ச்சி அறிக்கையில் 'மந்தமானவன்' என்று எழுத நேர்ந்தால், அப்பெயரை நீக்கி, மாணவன் எந்தப் பாடத்தில், எப்போது, எதைச் செய்யத் தவறினான் என்று எழுதுங்கள். அவ்வாறு எழுத ஒரு வினையும் கிடைக்கவில்லையெனில், அம்மதிப்பீட்டிற்கு ஆதாரமில்லை என்றே பொருள்.