திறவாத கோப்புகள்

(குன்றத்தூரில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சேக்கிழார் பெருமான் பிறந்த ஊரிலே கூடியிருக்கிறோம். அந்நாளில் ஏட்டுச் சுவடிக்குப் பகை செல்லும் ஈரமும். இந்நாளில் நமது தீர்மானங்களும் நிலப் பத்திரங்களும் கணிப்பொறிக் கோப்புகளாகிவிட்டன. இவற்றைச் செல் அரிப்பதில்லை. ஆயினும் வேண்டிய வேளையில் திறவாமல் நின்றுவிடுவதுண்டு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தொழிற்சாலைகள் பெருகி, நிலத்தின் மதிப்பு ஏறியிருக்கிற இக்காலத்தில், ஏரிக் கால்வாய் எதுவரை என்பதைப் பழைய தீர்மானம் ஒன்றே சொல்லக்கூடும். அது படிக்க முடியாமற்போனால் நட்டம் ஊருக்கு.

ஓர் ஊராட்சி அலுவலகத்தில் நாம் கண்டதைச் சொல்லுகிறோம். கால்வாய் பற்றிய பழைய கோப்பு திறந்தது. உள்ளேயோ ஒரு தமிழெழுத்தும் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கிடந்தன. "கெட்டுவிட்டது, அழித்துவிடலாம் ஐயா" என்றார் அங்கிருந்த இளைஞர். நல்ல வேளையாக அழிக்கவில்லை. கோப்பு கெடவே இல்லை.

முன்னாளில் தமிழ் எழுத்துரு செய்தவர்கள், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்தார்கள். பாமினி என்னும் எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால், கணிப்பொறி தன்னுள் வைத்துக்கொள்வது ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையுமே. அந்த எழுத்துரு இல்லாத இயந்திரத்தில் அவை அப்படியே தோன்றும். இவ்வாறு ஆளுக்கொரு முறை வழங்கியதால், 1999-இல் சென்னையில் மாநாடு கூட்டி டாம், டாப் என்னும் குறிமுறைகளை வகுத்தார்கள். பின்னர் 2010-இல் தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்றது. அதற்கு முன் எழுதியவை பல இன்னும் பழைய உடையிலேயே இருக்கின்றன.

ஆகவே முதலில் அக்கோப்பைப் பிரதி எடுத்து, மூலத்தைத் தொடாமல் வையுங்கள். பிரதியில் அந்தப் பழைய எழுத்துருவைப் பொருத்திப் பார்க்கலாம். அல்லது யூனிகோடுக்கு மாற்றித்தரும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, அவற்றில் ஒரு வரியை இட்டுப் பார்க்கலாம். இங்கே ஓர் எச்சரிக்கை. சர்வே எண்ணின் உட்பிரிவை 2பி என்று ஆங்கில எழுத்தில் அடித்திருந்தால், மாற்றும்போது அந்த எழுத்தும் ஏதோவொரு தமிழெழுத்தாகிவிடும். நிலமே மாறியது போலாகும்! எண்களை மூலத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிடவேண்டும். நாம் சொன்ன கால்வாயின் அகலம் இப்படித்தான் மீண்டு கிடைத்தது.

சில கோப்புகள் திறக்கவே மாட்டா. அவற்றின் அளவைப் பாருங்கள். சுழியம் என்றிருந்தால் இறக்கம் முடியவில்லை; மறுபடி இறக்கிக்கொள்ளலாம். பி.டி.எப். கோப்பாயின் நோட்பேடில் திறந்து முதல் வரியைப் படியுங்கள். சதவீதக் குறியும் பி.டி.எப். என்னும் மூன்று எழுத்துகளும் இருந்தால் அது உண்மையான பி.டி.எப்.; எச்.டி.எம்.எல். என்றிருந்தால், பட்டாவுக்குப் பதிலாக இணையதளத்தின் பக்கமொன்று வந்து பெயர் மட்டும் மாறி நிற்கிறது. பெயரின் வாலைத் திருத்துவதால் உள்ளிருப்பது மாறாது.

மின் ஆதார் கோப்பு கடவுச்சொல் கேட்கும். அது கோளாறன்று. பெயரின் முதல் நான்கு எழுத்துகளை ஆங்கிலப் பெரிய எழுத்தில் இட்டு, பிறந்த ஆண்டின் நான்கு இலக்கங்களைச் சேர்த்தால் திறக்கும். அந்த ஆண்டு ஆதாரில் பதிவானபடியே இருக்கவேண்டும். நம் கிராமத்துப் பெரியவர்கள் பலருக்கு அதுவே தடை.

திறக்கக்கூடாத கோப்பும் உண்டு. திருமண அழைப்பென்றும் அரசின் உதவித்தொகையென்றும் வாட்ஸ்அப்பில் வருவதன் பெயர் ஏ.பி.கே. என்று முடிந்தால், அது பத்திரமன்று. கைப்பேசியில் குடியேறும் செயலி. வங்கிக் கணக்கைத் துடைக்கவே அது வருகிறது. திறவாமல் அழித்துவிடுங்கள்.