குரங்கணி மலைவழி
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மலையேற்றம் என்றவுடன் நம்மவர் பலர்க்கும் இமயமே நினைவிற்கு வருகின்றது. ஆயின் பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலையாய் எழுந்து, இடுக்கி மாவட்டத்தில் ஏலமலையாய் விரியும் தொடரும் சிறிதன்று. இமயத்திற்குத் தெற்கே இந்நாட்டின் மிக உயர்ந்த கொடுமுடியாகிய ஆனைமுடி, 2,695 மீட்டர் உயரத்தில் அங்கேதான் நிற்கின்றது. அம்மலைகளின் கிழக்குச் சரிவில், தேனி மாவட்டத்துக் குரங்கணியினின்று கேரள எல்லையை ஒட்டிய டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் ஒருநாள் வழியைப் பற்றியே இன்று நாம் பேச விழைகின்றோம்.

முதுகில் மூட்டையுடன் விடியலில் புறப்படுவார்க்கு முதலில் மாந்தோப்பும் இலவமரங்களும் நிழல் தரும். அதன்மேல் காப்பித் தோட்டம். அதற்கும் மேலே மார்பளவு வளர்ந்த புல். நடுவழியில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்னும் சிற்றூரில் சற்று இளைப்பாறலாம். உச்சியை அணுக அணுகக் காற்றுக் குளிர்கின்றது. சோலைக்காடும் தேயிலையும் கண்ணுக்குத் தெரிகின்றன. ஒரே நாளில் கோடையினின்று மார்கழிக்கு நடந்தாற் போன்றதோர் உணர்வு!

ஸ்டேஷன் என்ற பெயர் காட்டிற்குள் எவ்வாறு வந்தது? 1902இல் மூணாற்றினின்று எருதுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைந்தது. 1908இல் அதுவே இரண்டடி அகல இருப்புப் பாதையாயிற்று. தேயிலைப் பெட்டிகள் அதன்வழி டாப் ஸ்டேஷன் வந்து, கம்பிவடத்தில் தொங்கியவாறு அடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கி, வண்டியேறிப் போடிநாயக்கனூர் சென்றன. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அவ்விருப்புப் பாதையை அழித்தது; அது மீண்டும் எழவேயில்லை.

தேயிலை கம்பியில் இறங்கிற்று. அதைக் கொய்த மக்களோ காலால் ஏறினர். வறண்ட பாண்டிச் சீமையினின்று, குழந்தையை இடுப்பிலும் சட்டியைத் தலையிலும் சுமந்து மலையேறிய குடும்பங்கள் எத்தனையோ! அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் மூணாற்றுத் தோட்டங்களில் தமிழ் பேசி வாழ்கின்றனர். பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்த நமக்கு அவர்கள் அயலார் அல்லர்.

இம்மலை நமக்கு ஒரு துயரப் பாடத்தையும் புகட்டியுள்ளது. 2018 மார்ச் 11ஆம் நாள், கொழுக்குமலை சென்று குரங்கணி நோக்கி இறங்கிய மலையேற்றக் குழுவினர் காட்டுத் தீயில் சிக்கினர். 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவருள் பலர் இளைஞர்.

தீயின் இயல்பை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும். சரிவில் பற்றிய தீ, மேலுள்ள புல்லைத் தன் வெப்பத்தால் முன்னரே உலர்த்திவிடுகின்றது. ஆதலின் கீழ்நோக்கிச் செல்வதினும் மேல்நோக்கி விரைந்து பாயும். ஓடும் மனிதனை அது எளிதில் முந்திவிடும். புல்லடர்ந்த மேட்டை நோக்கி ஓடாமல், புல்லற்ற பாறையைக் காலத்தே நாடுவது நலம். அதனினும் நலம், புல் காய்ந்த மாதங்களில் அங்கே செல்லாதிருத்தல். வனத்துறையின் இசைவும் உள்ளூர் வழிகாட்டியும் இன்றி எக்காலத்தும் ஏறலாகாது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலைவழிகளைப் பதிவு முறையோடும் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடும் திறந்துள்ளது. விரும்புவோர் அவ்வழியே செல்லலாம்.

விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, கோயிலும் கடைவீதியும் கண்டபின் ஒருநாளை மலைக்கும் ஒதுக்குவோம். கொண்டு சென்ற குப்பையைத் திரும்பக் கொணர்வோம். நெருப்புக் குச்சியை வீட்டிலேயே விடுவோம். இவ்வழியில் சுமையோடு நடந்தவர் யாவர் என்பதைப் பிள்ளைகளுக்கு நடந்தவாறே எடுத்துரைப்போம்.